சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழை ஒன்பது வருடமாகப் படிக்கிறேன். கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கைக்கு வருவதற்குள் நாலு பேர் படித்திருப்பார்கள், அட்டை கிழிந்திருக்கும். ஆனாலும் ஒரு வாரம் விட்டதில்லை. போன இதழில் குழந்தைக்கு முதல் உணவு கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை வந்தது. வேலைக்குப் போகும் தாய்மார்களின் சோம்பேறித்தனத்தால்தான் ஆறு மாதம் முடிவதற்குள் குழந்தைகள் டின் பவுடருக்கும் கரைத்த பிஸ்கட்டுக்கும் பழகிவிடுகின்றன என்று அதில் ஒரு வரி. கட்டுரையில் நல்ல விஷயங்களும் இருந்தன. ஆனால் அந்த ஒரு சொல் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

நான் கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு நெல்லிக்குப்பம் பக்கம். மகனுக்கு இப்போது பதினாலு மாதம். அவனுக்கு மூன்றரை மாதம் ஆனபோது கடையிலிருந்து போன் வந்தது, திங்கட்கிழமை வரவில்லை என்றால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று. போய்விட்டேன். வீட்டில் இருந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. பத்துப் பேர் வேலை செய்தாலே அந்தக் கடைக்கு மகப்பேறுச் சட்டம் பொருந்தும், 2017-இல் 12 வார லீவை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. 26 வாரம் என்றால் 182 நாள். தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று டாக்டர்கள் சொல்லும் ஆறு மாதமும் ஏறக்குறைய அதே கணக்குதான். எங்கள் கடையில் முப்பது பேர் இருக்கிறோம். அந்த லீவை எடுத்த ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

முதல் நாளே பதினோரு மணிக்குப் பால் கட்டிக்கொண்டது. எதிரே கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பம், பத்துப் பதினைந்து பேர். ரவிக்கை நனைவது தெரிந்தது. விரித்திருந்த ஒரு மாம்பழக் கலர் புடவையை அப்படியே மார்போடு பிடித்துக்கொண்டு, “இது பொண்ணு நிறத்துக்கு எடுப்பா இருக்கும்மா” என்று பேசிக்கொண்டே நின்றேன். அவர்கள் பில் போடப் போனதும் ட்ரையல் ரூமுக்குள் ஓடி எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பீய்ச்சி, கொண்டுபோய் வாஷ்பேசினில் ஊற்றினேன். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கூல்டிரிங்க்ஸ் வைக்க முதலாளி ரூமில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதில் இந்த டம்ளரை வைக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதே நேரம் வீட்டில் என் அம்மா டின் பாலைக் கரைத்துக்கொண்டிருந்தார். அந்த டின் விலை என் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம்.

சரி, அந்த டின் எப்படி வீட்டுக்குள் வந்தது தெரியுமா? பிரசவம் பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டிலேயே அதன் பெயர் எழுதியிருந்தது. நான் கேட்கவே இல்லை, அப்போது எனக்குப் பால் நன்றாகவே இருந்தது. டின் பாலையும் குழந்தை உணவையும் விளம்பரம் செய்வதற்கு எதிராக 1992-இலேயே சட்டம் வந்தது. சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு எங்களுக்கு ஏன் பெயர் வைக்கிறீர்கள்?

ஆறு மாதம் முடிந்த அன்று ஆடித் தள்ளுபடி, லீவு கிடையாது. அம்மா கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, மில்லில் அரைத்துவந்து பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்து வைத்திருந்தார். என் மகன் வாயில் வைத்த முதல் ஸ்பூன் கூழை நான் பார்க்கவில்லை. அம்மா போனில்தான் சொன்னார், “நாக்கால வெளிய தள்ளிட்டான்டி, பிடிக்கல போல.” பிடிக்காமல் இல்லை, இத்தனை நாள் சப்பிக் குடித்த நாக்கு அப்படித்தான் தள்ளும், நாளைக்கும் ரெண்டு ஸ்பூன் வையுங்கள் என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னார். ஒன்பதாம் நாள் விழுங்கினான். அதையும் அம்மாதான் பார்த்தார்.

கூழை நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிரம்புமே தவிர உடம்பில் ஒட்டாது, ஸ்பூனைச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும் என்பதையும் அந்த டீச்சரிடம்தான் கற்றுக்கொண்டேன். உங்கள் கட்டுரையில் அது இல்லை, அவகாடோவும் ஓட்ஸும் இருந்தன. அவகாடோவை நான் உழவர் சந்தையில் பார்த்ததில்லை. அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து ஒரு சொட்டு நெய், எட்டு மாதத்துக்கு மேல் முள் பார்த்து உதிர்த்த கிழங்கான் மீன், இப்படித்தான் வளர்ந்தான். என் கணவரின் அத்தை தேன் தடவ வந்தபோது ஒரு வயதுக்குள் கூடவே கூடாது என்று சண்டை போட்டவளும் நான்தான், ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. இன்றைக்கும் காலை நாலரைக்கு எழுந்து அவன் மதியச் சாப்பாடு வரை செய்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். இதற்கு வேறு ஏதாவது பெயர் வைத்திருக்கலாம்.

கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது உங்கள் இதழில் இரண்டு பக்கம் எழுதினீர்கள். நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஸ்டூல்களும் வந்தன. இப்போது அவற்றின்மேல் ஜாக்கெட் பிட் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. அதை யாரும் வந்து பார்க்கவில்லை, நீங்களும் அப்புறம் எழுதவில்லை.

போன மாதம் அங்கன்வாடியில் எடை போடப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு நேரம் போக, பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு என்று அதே மகப்பேறுச் சட்டத்தில் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் உள்ள சலுகைகளை வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை. எனக்கு இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி.

மன்னிப்பு எதுவும் வேண்டாம். அடுத்த இதழில் குழந்தைகள் பக்கத்தின் மூலையில், 26 வாரம், இரண்டு இடைவேளை என்ற இந்த விவரத்தைக் கொட்டை எழுத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள், போதும். எங்கள் பேக்கிங் பிரிவில் ஒரு தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். அதை வெட்டி, பில் கவுண்டருக்குப் பின்னால் முதலாளி கண்ணில் படும்படி ஒட்டலாம் என்றிருக்கிறோம். நான் கையால் எழுதி ஒட்டினால் கிழித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கடலூர்.