சைலஸ் மார்னரைத் தமிழுக்குக் கொண்டுவரக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’ நாவலை நேற்று இரவு தமிழில் முடித்துவிட்டேன். 21 அத்தியாயங்கள், அப்புறம் அந்தச் சின்ன முடிவுரை. மூன்று வருடம் ஆனது. உங்களில் பலருக்கு ஒருவரையொருவர் தெரியாது. யார் என்ன செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் பொதுவாக எழுதுகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்யாத திருட்டுக்குப் பழி சுமந்து, நம்பிய சபையாலேயே துரத்தப்பட்ட ஒரு நெசவாளி, ராவலோ என்ற கிராமத்துக்கு வந்து 15 வருடம் யாரோடும் ஒட்டாமல் தறியே கதியென்று கிடக்கிறான். சேர்த்த தங்கக் காசும் களவு போகிறது. அப்புறம் ஒரு புத்தாண்டு இரவில், பனியில் செத்துக் கிடந்த தாயை விட்டு ஒரு குழந்தை தத்தித் தத்தி நடந்து அவன் அடுப்படிக்கு வந்து சேர்கிறது. மங்கலான பார்வைக்கு அதன் பொன்னிற முடி, தொலைந்த தங்கம் திரும்பியதுபோல் தெரிகிறது.

முதல் நன்றி சென்னிமலைத் தறிக்கார அய்யாவுக்கு. இரண்டாவது பக்கத்திலேயே நான் மாட்டிக்கொண்டேன். ஊர்ப் பையன்கள் சைலஸின் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள். நூலில் ஏதோ கோளாறு என்று அவன் நிறுத்தும்போதுதான் அவர்கள் நிற்பதே அவனுக்குத் தெரிகிறது. எத்தனையோ தடவை எழுதியும் அந்த இடம் உயிரில்லாமல் கிடந்தது. தறியில் உட்கார்ந்தவன் கை எங்கே போகும் என்றுகூட எனக்குத் தெரியாது.

“இங்க உக்காருங்க அம்மிணி” என்று குழித்தறிக்குப் பக்கத்தில் இடம் காட்டினார் அய்யா. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடிக்கொண்டே இருந்தது. பாவில், அதாவது நீளவாட்டு நூலில், ஓர் இழை அறுந்தது. மிதியிலிருந்து கால் எடுத்ததும் சத்தம் நின்றது. குனிந்து நுனியைத் தேடி எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கினார். அப்போதுதான் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “தறி ஓடுறப்ப பக்கத்துல யாரு வந்தாலும் தெரியாதுங்க. நின்னாத்தான் ஆளு இருக்கறது தெரியும்.” அந்த 15 வருடத் தனிமை எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

சைலஸின் பானையைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். 12 வருடம் தண்ணீர் எடுத்த பழுப்புப் பானை தடுக்கி விழுந்து மூன்று துண்டாகிறது. அதை எறிய மனம் வராமல், துண்டுகளைப் பொருத்திப் பழைய இடத்திலேயே வைக்கிறான். அய்யா ஒன்றும் பேசவில்லை. சுவர் மாடத்திலிருந்து ஒரு பழைய நாடாவை எடுத்துக் கையில் கொடுத்தார். அவர் அப்பா ஓட்டியது. விரல் படும் இடம் மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது. அந்தப் பானைப் பத்தியை அன்று இரவே ஒரே மூச்சில் எழுதினேன். அதற்குப் பிறகு அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியருக்கு அடுத்த நன்றி. ‘அந்நியன்’ என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு ‘அசலூரான்’ என்று எழுதியவர் அவர். எழுத்தாளரின் வாழ்க்கையையும் அவர்தான் எனக்குச் சொன்னார். ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயருக்குப் பின்னால் இருந்தவர் மேரி ஆன் எவன்ஸ். ஏற்கெனவே மணமான ஜார்ஜ் ஹென்றி லூயிஸோடு 1854 முதல் சேர்ந்து வாழ்ந்தார். அதற்காக அண்ணன் ஐசக் 1857-இல் உறவை வெட்டிக்கொண்டார். தங்கை முறைப்படி வேறொருவரை மணந்த 1880-இல்தான் அண்ணனிடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. அந்த வருடமே எலியட் இறந்துபோனார். அண்ணன் பேசாமல் இருந்த அந்த வருடங்களில், 1861-இல் வெளிவந்தது இந்த நாவல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன்.

மருந்துக்கடைத் தம்பிக்கும் நன்றி. சைலஸ் ஒரு பெண்ணின் இதய நோய்க்குக் கொடுக்கும் செடியின் இனத்திலிருந்து எடுக்கும் மருந்துதான் இன்றும் டிகாக்சின் என்ற பெயரில் விற்கிறது என்று பெட்டியையே எடுத்துக் காட்டினார். நல்லது செய்யப் போய், மற்றவர்களுக்கு மருந்து கொடுக்க மறுத்ததால் ஊர்ப் பகை வாங்கிய கதை அது.

பக்கத்து வீட்டு அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? சாயங்காலம் என் மகளைத் தூக்கிக்கொண்டு போவீர்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு தூக்குப் போசியும் இருக்கும். ராவலோவில் டாலி வின்த்ராப்பும் அப்படித்தான், தானே சுட்ட கேக்கோடு சைலஸின் கதவைத் தட்டுகிறாள். அதன்மேல் குத்தியிருக்கும் எழுத்துகளுக்கு அவளுக்கும் அர்த்தம் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவள் பேச்சை எந்தத் தமிழில் எழுதுவது என்று தடுமாறியபோதெல்லாம் உங்கள் குரலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தறிக்கார அய்யா, புத்தகம் அச்சானதும் முதல் பிரதியோடு சென்னிமலைக்கு வருகிறேன். அந்த ஜன்னல் இடத்தைப் படித்துக் காட்டுகிறேன். இழை அறும்போது மட்டும் நிறுத்துங்கள், நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அம்மிணி