எந்த ஆண்டு, எந்த ஊர், யாருடைய மகள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாத்தா பெயரில் கிடக்கும் நிலத்தைப் பிரிப்பதற்காக என் அத்தையின் இறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. அப்பாவுடன் பிறந்தவர், பிள்ளைகள் இல்லை. மாமாவும் போய்விட்டார். அத்தை இறந்து இருபது ஆண்டுக்கு மேல் இருக்கும், தேதி யாருக்கும் நினைவில் இல்லை. பழைய பெட்டியில் அவருடைய துக்க நோட்டீஸ் மட்டும் கிடைத்தது.

"நாளை புதன்கிழமை காலை 10 மணிக்கு நல்லடக்கம்" என்று அதில் இருக்கிறது. எந்தப் புதன், எந்த மாதம், எந்த ஆண்டு என்று இல்லை. பெயருக்குக் கீழே இன்னாரின் மனைவி என்று மாமாவின் பெயர். அத்தை பிறந்த வீட்டுப் பெயர் இல்லை, ஊர் இல்லை, தாத்தா பாட்டி பெயர் இல்லை. நோட்டீஸ் அடித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. துட்டிக்கு வருகிறவர்களுக்கு எடுக்கிற நேரம் தெரிந்தால் போதும் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றும். ஆனாலும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் பேரூராட்சியில் தேடியபோது அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்கள். அது அவர்கள் தவறு இல்லை. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், வீடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. பெரிய நோய் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை, அதையும் தாண்டினால் திருவனந்தபுரம் என்றுதானே நம் மாவட்டத்தில் ஓடுகிறோம். அத்தைக்கும் உயிர் போனது திருவனந்தபுரத்து மருத்துவமனையில். கருங்கல்காரர், தக்கலைக்காரர் எத்தனையோ பேருடைய இறப்பு இப்படிக் கேரளப் பதிவில் இருக்கிறது. தேடப் போகிறவர்கள் முதலில் உயிர் எங்கே பிரிந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இனி நேரும் இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போக வேண்டிவரும்.

கடைசியில் வழி காட்டியது மாமா ஊர் சபையின் அடக்கப் பதிவேடு. போதகர் பொறுமையாகத் திறந்து பார்த்தார். அத்தையின் பெயரிலேயே இரண்டு ஆண்டுக்குள் இரண்டு பேர் அடக்கம். கணவர் பெயரும் ஒன்றேபோல் இருந்தது. பழைய காலண்டரைத் தேடி எடுத்தோம். ஒரு தேதி சனிக்கிழமை, மற்றது புதன். அந்த நோட்டீஸில் இருந்த 'புதன்கிழமை' என்ற ஒரு சொல்தான் அத்தையை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது. தேதி கையில் வந்த பிறகு திருவனந்தபுரத்துப் பதிவில் எடுப்பது கஷ்டமாக இல்லை.

சபைப் பதிவேடு இல்லாத வீடுகளில் பதினாறாம் நாள் சடங்குக்கு அடிக்கும் அடியந்திரக் கார்டைத் தேடலாம். பெரும்பாலும் அதில் இறந்த தேதி இருக்கும், உறவுகளின் பெயரும் இருக்கும். இன்னும் பழைய கல்லறைகளில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் வெட்டியிருப்பார்கள். 1113 தை என்று கண்டால் மலைத்துப்போக வேண்டாம். ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரை 824 கூட்டுங்கள், அதற்குப் பின்னான மாதங்களுக்கு 825. அப்படிப் பார்த்தால் அது 1938.

எல்லைக்கு அப்பால் மலையாளப் பத்திரிகைகளில் இறந்தவர்களுக்கென்று சரமப் பக்கம் தினமும் வரும். களியக்காவிளையில் என் தங்கை வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். மரம் ஏறியவர், அங்கன்வாடி ஆயா என்று சாதாரண ஆட்களுடைய மறைவும் சின்னப் படத்தோடு செய்தியாகவே வரும். வயது, வீட்டுப் பெயர், மக்கள், மருமக்கள், அடக்கம் எப்போது என்பதெல்லாம் நாலு வரிக்குள் அடங்கிவிடும். நம் பக்கம் காசு கட்டி விளம்பரம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் போஸ்டர். போஸ்டர் ஒரு மழைக்குத் தாங்காது. தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தினமும் அரை பத்தி இதற்கென்று ஒதுக்க வேண்டும், கட்டணம் இல்லாமல். ஒக்கிப் புயலில் போன மீனவர்கள் பலருக்கு உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த நாலு வரி எவ்வளவு பெரிது என்று தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் கேட்டுப் பாருங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். தேதியை ஆண்டோடு போடுங்கள். நம் மாவட்டத்தில் 'விளை' என்று முடிகிற ஊர்கள் ஒரே பெயரில் எத்தனையோ இருக்கின்றன, அதனால் ஊருக்குப் பக்கத்திலேயே தாலுகாவையும் சேருங்கள். பெண்ணாக இருந்தால் கணவர் பெயரோடு பெற்றோர் பெயரும் பிறந்த ஊரும் கட்டாயம் வேண்டும். கதவு எண் மட்டும் வேண்டாம். எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற நேரத்தையும் வீட்டு அடையாளத்தையும் சேர்த்து ஊருக்கெல்லாம் சொல்வது நல்லதில்லை.

அடுத்த மாதம் அத்தையின் நினைவு நாள். தேதி தெரிந்து நாங்கள் வைக்கிற முதல் நினைவு நாள் அது. தங்கள் இதழுக்கு நினைவஞ்சலி ஒன்று அனுப்புகிறேன். பிறந்த வீட்டுப் பெயர், ஊர், தாத்தா, பாட்டி எல்லாம் அதில் ஒரே வரியில் இருக்கும். இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள், அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.

தங்கள் வாசகி,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்