கேஸ் தானாகத் தீராது

ஆசிரியருக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஏசிக்கு மூன்று வருஷமாக ஒவ்வொரு சித்திரையிலும் கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்லி, கேஸ் ஏற்றிவிட்டுக் காசு வாங்கிப் போனார்கள். போன வாரம் என் தம்பி மகன் வந்தான். ஐடிஐயில் இந்தத் தொழில் படித்தவன். "அத்தை, இது அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிஞ்சு தீர்ற கேஸ் இல்லை. மூடின குழாய்க்குள்ளயே சுத்தி வருது. குறைஞ்சா எங்கேயோ கசிவு இருக்குன்னு அர்த்தம்" என்றான்.

வெளி யூனிட்டின் செம்புக்குழாய் நட்டில் சோப்பு நுரையைத் தடவினான். ஒரே இடத்தில் கடுகு கடுகாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது. மூன்று வருஷமாக யாரும் பார்க்காத இடம்! குழாய் முனையைச் சரிசெய்து நட்டை இறுக்கினான். அப்புறம் வேக்குவம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருந்த காற்றை பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, எடை பார்த்து கேஸ் ஏற்றினான். ஃபில்டரைக் கழற்றினால் இலவம்பஞ்சு போலத் தூசி. அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் நாமே கழுவி நிழலில் உலர்த்தலாமாம்.

எங்களுடையது ஆர்-22 என்ற கேஸில் ஓடும் பழைய மிஷின். ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு அது. 2030-க்குள் கைவிடுவதாக நம் நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது. காசு போனதைவிட, அதைத் தெரியாமலே காற்றில் விட்டிருக்கிறோமே என்பதுதான் மனசை அறுக்கிறது.

கேஸ் ஏற்றுகிறவர்கள் கசிவு எங்கே இருந்தது, எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று பில்லில் எழுதித்தர அரசு உத்தரவிட வேண்டும். கத்திரி வெயிலுக்கு முன்பே இது நடந்தால் நல்லது.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை