சொந்த கிளப்பில் நேரே கோச் நாற்காலியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஃபுட்டி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலைப் பற்றித் தமிழில் யாராவது நாலு பக்கம் எழுதுவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல கோச் ஆக மாட்டார்கள் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறாரே கட்டுரையாளர், அதை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. மைக்கேல் வாஸ் (பிரிஸ்பேன்), ஜேம்ஸ் ஹர்ட் (எஸெண்டன்), நேதன் பக்லி (காலிங்வுட்) என்று மூன்று பேரை எடுத்துக்கொண்டு, மூவரும் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ மெடல் வாங்கியவர்கள், மூவரும் கேப்டனாக இருந்தவர்கள், மூவரும் தங்கள் கிளப்புக்கே கோச்சாகி ஒரு பிரீமியர்ஷிப்கூட (லீக் கோப்பை) வாங்கித் தரவில்லை, ஆகவே பெரிய ஆட்டக்காரரை கோச்சாகப் போடாதீர்கள் என்று முடித்துவிட்டார். அந்த வரியிலேயே விடை இருக்கிறது, அவர்தான் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. லீ மேத்யூஸை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஹாதார்னுக்காக 332 ஆட்டம், 915 கோல், நாலு பிரீமியர்ஷிப். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர் என்று யாரைச் சொல்வது? அவர் கோச்சாக 1990-ல் காலிங்வுட்டுக்கு 32 வருஷம் கழித்து ஒரு பிரீமியர்ஷிப் வாங்கித் தந்தார். அப்புறம் 1998-ல் கடைசி இடத்தில் கிடந்த பிரிஸ்பேனை எடுத்து, மறு வருஷமே பிரிலிமினரி ஃபைனல் (அரையிறுதி) வரை கொண்டுவந்து, 2001, 2002, 2003 என்று தொடர்ந்து மூன்று கோப்பை. கட்டுரையில் இவர் பெயர் ஒரே ஒரு இடத்தில், அதுவும் வாஸ் யார் கீழ் விளையாடினார் என்று சொல்லத்தான் வருகிறது. பால் ரூஸ் பெயர் வரவே இல்லை. 356 ஆட்டம் ஆடியவர், 2005-ல் சிட்னிக்கு 72 வருஷம் கழித்து முதல் பிரீமியர்ஷிப் வாங்கித் தந்தவர்.

சரி, அந்த விடைக்கு வருகிறேன். தோற்றவர்களையும் ஜெயித்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், திறமை அதிகமா குறைவா என்பதைவிட வேறொரு விஷயம்தான் கண்ணில் படுகிறது. விளையாடி முடித்த பிறகு அந்த ஆள் தன் கிளப்பை விட்டு வெளியே போய் நாலு பேரிடம் வேலை கற்றாரா, இல்லை கொண்டாடிய ரசிகர்கள் முன்னாலேயே, தான் ஆடிய அதே கிளப்பில் நேரே நாற்காலியில் உட்கார்த்தப்பட்டாரா?

வாஸ் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எல்லாமே இருக்கிறது. 2006-ல் விளையாட்டை நிறுத்தினார். 2008-ல் வெஸ்ட் கோஸ்ட்டில் அசிஸ்டன்ட் கோச்சாகச் சேர ஒப்புக்கொண்டார். அதாவது அவருக்கே கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மேத்யூஸ் பிரிஸ்பேனை விட்டு விலக, கிளப் வாஸைக் கூப்பிட்டது. மூன்று கோப்பை வாங்கிய கேப்டன், ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆள், எப்படி மாட்டேன் என்பார்? 2009-ல் அவர் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் கோச்சாக நுழைந்தபோது உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் யார்? ஜோனதன் பிரவுன், சைமன் பிளாக், லூக் பவர், எல்லோரும் அவரோடு தோளோடு தோள் நின்று கோப்பை தூக்கியவர்கள். அன்றைக்கு இருந்த நெருக்கத்தை வைத்துக்கொண்டு அவர்களை எப்படிப் பெஞ்சில் உட்கார வைப்பது, எப்படி வெளியே அனுப்புவது? இருந்தும் முதல் வருஷம் ஃபைனல்ஸுக்கு, அதாவது சீசன் கடைசி நாக்-அவுட் சுற்றுக்கு, போனார்கள். அந்த வருஷக் கடைசியில்தான் கார்ல்டனிலிருந்து பிரெண்டன் ஃபெவோலாவைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பேரத்தின் நடுவில் டேனியல் பிராட்ஷா மனம் நொந்து சிட்னிக்குப் போனார், பண்டமாற்றுப் பேச்சில் பெயர் அடிபட்ட மைக்கேல் ரிஷிடெல்லி ஒரு வருஷம் கழித்து கோல்ட் கோஸ்ட்டுக்குப் போய்விட்டார், ஃபெவோலாவோ ஒரே சீசன்தான் ஆடினார். ஏற்கெனவே ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்ட கோச் அந்தப் பேரத்தைச் செய்திருப்பாரா என்பது என் சந்தேகம். 2013-ல் கல்தா கொடுத்தார்கள்.

கட்டுரையாளர் இங்கே நிறுத்திக்கொண்டார். ஆனால் கதை நிற்கவில்லை. வாஸ் போர்ட் அடிலெய்டுக்குப் போய் 2015 முதல் 2021 வரை, ஏழு சீசன், இன்னொருவரின் கீழ் அசிஸ்டன்டாக வேலை பார்த்தார். 2022-ல் கார்ல்டனுக்கு வந்தார். 2023-ல் பாதி சீசனில் டீம் கிட்டத்தட்டப் பட்டியலின் அடியில் கிடந்தது, ஆளை மாற்று என்று ஊரெல்லாம் ஒரே கூச்சல், என் ஆபீஸில் இரண்டு கார்ல்டன்காரர்கள் வாஸை வாயில் போட்டு மென்றார்கள். அப்புறம் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் ஜெயித்து, பிரிலிமினரி ஃபைனல் வரை போனார்கள். கார்ல்டன் ஃபைனல்ஸ் பார்த்தே பத்து வருஷம் ஆகியிருந்தது. அதே ஆள்தான், அதே பிரவுன்லோதான். நடுவில் அந்த ஏழு வருஷம் இருந்தது.

ஹர்ட் விஷயம் இன்னும் வெளிப்படை. 2010 கடைசியில் எஸெண்டன் அவரை நியமித்தபோது அவருக்கு எங்கும் அசிஸ்டன்டாக இருந்த அனுபவம் கிடையாது. ஜீலாங்குக்கு இரண்டு கோப்பை வாங்கித் தந்த மார்க் தாம்ப்ஸனைத் துணைக்கு அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள் என்பதே கிளப்புக்கும் உள்ளூர பயம் இருந்ததைக் காட்டுகிறது. பிறகு நடந்த ஊக்கமருந்து விவகாரம், 2013-ல் ஹர்டுக்கு ஒரு வருஷத் தடை, 2016-ல் 34 ஆட்டக்காரர்களுக்கு விதித்த தடை, இதையெல்லாம் கோச்சிங் திறமைக் கணக்கில் எழுதுவது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் கிளப்பே கடவுளாகப் பார்க்கிற ஒருவரிடம் "இது வேண்டாம்" என்று யார் போய்ச் சொல்வது என்ற கேள்வி மட்டும் இருக்கத்தான் செய்கிறது.

பக்லியைத் தோற்றவர் வரிசையில் சேர்த்ததுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. 2018 கிராண்ட் ஃபைனலில் (கோப்பைக்கான இறுதி ஆட்டம்) வெஸ்ட் கோஸ்ட்டின் டாம் ஷீட் பவுண்டரி ஓரத்திலிருந்து, கடைசி இரண்டு நிமிஷத்துக்குள், அந்தக் கோணத்தில் ஒரு கோல் அடிக்காமல் இருந்திருந்தால், பக்லி பெரிய ஆட்டக்காரரும் பெரிய கோச்சும் என்று அதே கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும். ஐந்து பாயிண்ட்! அன்றைக்கு எதிர்ப்பக்கம் வெஸ்ட் கோஸ்ட் கோச்சாக இருந்த ஆடம் சிம்ப்ஸனும் 300 ஆட்டத்துக்கு மேல் ஆடிய, நார்த் மெல்பர்னின் முன்னாள் கேப்டன்தான். அவர் ஹாதார்னில் அலஸ்டர் கிளார்க்ஸன் கீழ் வேலை கற்றுக்கொண்டு, மூன்றாவதாக வேறொரு கிளப்புக்கு கோச்சாகப் போனவர். பக்லி காலிங்வுட்டில் ஆடி, காலிங்வுட்டிலேயே இரண்டு வருஷம் அசிஸ்டன்டாக இருந்து, காலிங்வுட்டுக்கே கோச்சானார், அதுவும் 2010-ல் கோப்பை ஜெயித்த மிக் மால்ட்ஹவுஸ் விலகி இவருக்கு வழிவிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஏற்பாட்டின்படி. இந்த ஐந்து பாயிண்டை வைத்து என் கட்சியை நிரூபிக்க நான் முயலவில்லை. பொருந்தி வருகிறது என்கிறேன், அவ்வளவுதான்.

பழைய கதையிலும் பொருந்துகிறது. ரான் பராஸி மெல்பர்னுக்காக ஆறு பிரீமியர்ஷிப் ஆடியவர். கோச்சாக நாலு வாங்கினார், இரண்டு கார்ல்டனில், இரண்டு நார்த் மெல்பர்னில். 1970 கிராண்ட் ஃபைனல் ஹாஃப் டைமில் 44 பாயிண்ட் பின்னால் நின்ற கார்ல்டனிடம் ஹேண்ட்பால் ஆடு, ஹேண்ட்பால் ஆடு (பந்தை உதைக்காமல் கையால் குத்தி அனுப்பு) என்று சொல்லி, பெஞ்சிலிருந்த டெட் ஹாப்கின்ஸை இறக்கி, அவர் நாலு கோல் அடிக்க, பத்து பாயிண்டில் ஜெயித்தார்கள். அதே பராஸி 1981-ல் தாய்வீடு திரும்பினார், அந்த வருஷம் மெல்பர்ன் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். ஐந்து வருஷம் இருந்தும் ஃபைனல்ஸைக் கண்ணால் பார்க்கவில்லை. (அந்த ஐந்து வருஷத்தில்தான் அயர்லாந்திலிருந்து ஜிம் ஸ்டைன்ஸை வரவழைத்தார்கள், அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு.)

மால்கம் பிளைட் இன்னும் சுவாரசியம். 1976-ல் ஆட்டம் முடிகிற சைரன் அடித்த பிறகு கிட்டத்தட்ட 80 மீட்டரிலிருந்து கோல் உதைத்தவர், அதை எந்த மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது! 1981-ல் நார்த் மெல்பர்னில் ஆடிக்கொண்டே கோச்சானார், சீசன் முடிவதற்குள் பதவி போய்விட்டது, அடுத்த வருஷமே 103 கோல் அடித்து லீக்கில் முதலிடம். அப்புறம் ஜீலாங்கில் மூன்று கிராண்ட் ஃபைனல், மூன்றிலும் தோல்வி. அதற்குப் பிறகு அடிலெய்டுக்குப் போய், வந்ததும் வராததுமாகக் கிறிஸ் மெக்டெர்மட், டோனி மெக்கின்னஸ் போன்ற அந்த ஊர்ச் செல்லப்பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு 1997, 1998 இரண்டும் ஜெயித்தார். அந்தக் கிளப்புக்கு வெளியாள் என்பதால்தான் அதைச் செய்ய முடிந்தது என்று நினைக்கிறேன், அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர் என்றால் கை நடுங்கியிருக்கும்.

சொந்த கிளப்பில் ஜெயித்தவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் நார்ம் ஸ்மித் முதலில் ஃபிட்ஸ்ராயில் மூன்று வருஷம் கோச்சாக இருந்துவிட்டுத்தான் 1952-ல் மெல்பர்னுக்குத் திரும்பினார். டேவிட் பார்க்கின் பெர்த்தில் சுபியாகோவுக்குப் போய்விட்டு ஹாதார்னுக்கு வந்தார். ஜான் வொர்ஸ்ஃபோல்ட் கார்ல்டனில் அசிஸ்டன்டாக இருந்துவிட்டு, தான் கேப்டனாக இருந்த வெஸ்ட் கோஸ்ட்டுக்கு 2006-ல் கோப்பை வாங்கித் தந்தார். என் கணக்குக்கு அடங்காதவர்களும் உண்டு, டிக் ரெனால்ட்ஸும் அலெக்ஸ் யெசலென்கோவும் போல. இருவரும் ஆடிக்கொண்டே சொந்த கிளப்புக்குக் கோப்பை வாங்கினார்கள். ஆடிக்கொண்டே கோப்பை வாங்குகிற அந்தக் காலம் 1979-ல் யெசலென்கோவோடு முடிந்தது. இன்றைக்கு ஒரு கோச்சுக்குக் கீழே வேலை பார்க்கிற கூட்டத்தைப் பார்த்தால், ஆடிக்கொண்டே அதைச் செய்வது நினைத்தும் பார்க்க முடியாதது.

இன்னொன்றையும் கட்டுரை சுலபமாக மறந்துவிட்டது. 18 கிளப், வருஷத்துக்கு ஒரு கோப்பை. பெரும்பாலான கோச்சுகள் தோற்கத்தான் செய்வார்கள், நட்சத்திரமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். 67 ஆட்டம் ஆடிய டாம் ஹாஃபி நாலு கோப்பை வாங்கினார், 134 ஆட்டம் ஆடிய கிளார்க்ஸன் நாலு, 118 ஆட்டம் ஆடிய லூக் பெவரிட்ஜ் 2016-ல் புல்டாக்ஸுக்கு 62 வருஷத்துக்குப் பிறகு ஒன்று, எல்லாம் உண்மைதான். அவர்களைப் போலவே சுமாராக ஆடி, கோச்சாகி, இரண்டு மூன்று வருஷத்தில் சத்தமில்லாமல் வெளியேறியவர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. ஹர்ட் விழுந்தால் மட்டும் முதல் பக்கத்தில் வருகிறது.

கடைசியாக ஒரு திருத்தம். 2024, 2025 இரண்டு வருஷமும் பிரிஸ்பேனைக் கோப்பை தூக்க வைத்த கிறிஸ் ஃபேகனை "ஃபுட்டியே ஆடாதவர்" என்று எழுதியிருக்கிறார். அவர் ஏஎஃப்எல் (இந்த ஆட்டத்தின் தேசிய லீக்) ஆடவில்லை, அது சரி. ஆனால் டாஸ்மேனியாவில் பல வருஷம் ஆடியவர், அங்கே கோச்சாகவும் இருந்தவர், அப்புறம் மெல்பர்னிலும் ஹாதார்னிலும் மற்றவர்களின் கீழ் வேலை பார்த்தவர். அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
மெல்பர்னிலிருந்து ஒரு வாசகர்