லாரி ஹோம்ஸுக்கு ஒன்பதாம் இடமா?

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய, எல்லாக் காலத்துக்குமான குத்துச்சண்டை ஹெவிவெயிட் வீரர்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். பத்துப் பேரும் பெரிய ஆட்கள்தான், யாரையும் வெளியே தள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் லாரி ஹோம்ஸை ஒன்பதாவதாக வைத்து, பக்கத்தில் "பலவீனமான காலம்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டாய். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். என் கணக்கில் அவர் நான்காவது. மூன்றாவது இடத்தை ஏன் அவருக்குத் தரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் பட்டத்தில் இருந்த காலம். 1978 ஜூன் 9 அன்று கென் நார்ட்டனிடமிருந்து டபிள்யூபிசி பட்டத்தை எடுத்தார் (டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப் எல்லாம் தனித்தனியாக உலகப் பட்டம் தரும் அமைப்புகள்). 1985 செப்டம்பர் 21 அன்று மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். ஏழு வருடம் மூன்று மாதம். அதற்குள் 20 முறை பட்டத்தைத் தக்கவைத்தார். ஜோ லூயிஸ் 25, விளாடிமிர் கிளிச்கோ இரண்டு முறை பட்டத்தில் இருந்ததையும் சேர்த்து 23. இவர்களுக்கு அடுத்து ஹோம்ஸ்தான். இந்த 20-ல் ஒன்றை நீ கழிக்கலாம்: 1983-ல் மார்விஸ் ஃபிரேசியரை முதல் ரவுண்டிலேயே முடித்த சண்டையை டபிள்யூபிசி பட்டச் சண்டையாக ஏற்கவில்லை. கழித்தாலும் 19. பட்டத்தைத் தக்கவைத்த முதல் எட்டுச் சண்டைகளில் ஒன்றுகூட பாயிண்டில் முடியவில்லை, எட்டுமே நாக்அவுட் அல்லது எதிராளியால் தொடர முடியாமல் நிறுத்தம்.

இனி "பலவீனமான காலம்". அந்த ஏழு வருடத்தில் எதிர்ப்பக்கத்து டபிள்யூபிஏ பட்டம் யார் யார் கைக்குப் போனது என்று பார். 1979-ல் ஜான் டேட். 1980-ல் மைக் வீவர். 1982-ல் மைக்கேல் டோக்ஸ். 1983-ல் கெர்ரி கூட்ஸி. 1984-ல் கிரெக் பேஜ். 1985-ல் டோனி டப்ஸ். ஒருவராலும் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. இதைப் பார்த்து எல்லோரும் சுமாரான ஆட்கள் என்கிறார்கள். சுமாரான ஆட்கள் என்பதைவிட, ஒருவரை ஒருவர் வெல்லக்கூடிய சம பலமுள்ளவர்கள் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தக் கூட்டத்தில் பட்டத்தைக் கைமாற விடாமல் பிடித்திருந்தவர் ஒருவரே.

இன்னொன்று. ஹோம்ஸ் தோற்கடித்தபோது பெயரில்லாமல் இருந்து, பிறகு சாம்பியன் ஆனவர்கள் நான்கு பேர். மைக் வீவரை 1979 ஜூனில் பன்னிரண்டாம் ரவுண்டில் நிறுத்தினார். ஒன்பது மாதம் கழித்து அதே வீவர் கடைசி ரவுண்டில் டேட்டைச் சாய்த்து டபிள்யூபிஏ பட்டம் எடுத்தார். டிரெவர் பெர்பிக்கை 1981-ல் பதினைந்து ரவுண்டில் வென்றார். பெர்பிக் 1986-ல் டபிள்யூபிசி சாம்பியன். டிம் விதர்ஸ்பூனை 1983-ல் வென்றார். விதர்ஸ்பூன் 1984-லும் 1986-லும் இரண்டு வெவ்வேறு பட்டம் பிடித்தார். ஜேம்ஸ் ஸ்மித்தை 1984-ல் நிறுத்தினார். 1986 கடைசியில் விதர்ஸ்பூனை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தி ஸ்மித்தும் சாம்பியன் ஆனார். முகம்மது அலி ஏற்கெனவே பேர்பெற்றவர்களை வென்றார். ஹோம்ஸ் பின்னால் பேர் எடுக்கப்போகிறவர்களை வென்றார். பட்டியல் போடுகிறவர்கள் கண்ணில் முதலாவதுதான் படுகிறது.

நார்ட்டன் சண்டையின் கடைசி ரவுண்டை மட்டும் தனியாக ஒரு முறை பார். பதினான்கு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் பாயிண்ட் கார்டிலும் சமம். முடிவு 143–142, இரண்டு பேர் ஹோம்ஸுக்கு, ஒருவர் நார்ட்டனுக்கு. ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்ற கணக்கில் பதினைந்து ரவுண்டுக்கு 143–142 என்றால் எட்டு ரவுண்டு, ஏழு ரவுண்டு. பட்டம் அந்த ஒரே ரவுண்டில் இருந்தது. ஹோம்ஸ் இடது கையில் தசைக் காயத்தோடு ஏறியிருந்தார். ஜாபையே, அதாவது முன்கையான இடது கையை நேராக நீட்டி அடிக்கும் குத்தையே, நம்பிய ஒருவருக்கு இடது கையில் காயம் என்றால் என்ன என்று யோசி. நார்ட்டன் நெஞ்சோடு நெஞ்சாகத் தள்ளிக்கொண்டு வர, ஹோம்ஸ் கயிற்றில் சாய்ந்து தப்பிக்கப் பார்க்கவில்லை. நடு ரிங்கில் நின்று மாற்றி மாற்றி அடித்தார். பெல் அடிக்கச் சில நொடி இருக்கும்போது தள்ளாடியது நார்ட்டன்.

ஜாப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. ஹோம்ஸைப் பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? உயரம் 6 அடி 3 அங்குலம், கை வீச்சு 81 அங்குலம். ஆனால் அதே 81 அங்குலம் ஜெர்ரி கூனிக்கும் இருந்தது. கூனியின் ஜாபை யாரும் இப்படிப் பேசுவதில்லை. வித்தியாசம் கை புறப்படும் இடத்தில். பாடப்படி இடது கை கன்னத்து உயரத்தில் இருக்க வேண்டும். ஹோம்ஸ் அதை நெஞ்சளவுக்கு இறக்கி, முழங்கையைத் தளர்த்தி வைத்திருப்பார். எதிராளி பார்ப்பது தோளையும் முகத்தையும். கை கீழிருந்து ஏறி வருவதால் கண்ணுக்குத் தாமதமாகத்தான் தெரியும். முதல் ஜாப் பாதி தூரம் திரும்பும்போதே அங்கிருந்தே இரண்டாவது கிளம்பும். முழுதாகத் திரும்பி வந்து மறுபடி போனால் எதிராளிக்குக் கிடைக்கும் அந்த இடைவெளியை இவர் தருவதே இல்லை.

மூன்று விதமாக அதைப் பயன்படுத்தினார். தூரம் பார்க்க ஒன்று, லேசாகத் தொட்டுவிட்டு வரும். கண்ணை மறைக்க ஒன்று, கையுறையை முகத்துக்கு நேரே ஒரு நொடி நிறுத்திவிட்டுப் பின்னாலேயே நேரான வலது. மூன்றாவதுதான் உண்மையான ஆயுதம்: முன்கால் வழுக்கி முன்னே வரும், உடல் எடை முழுவதும் அடிக்குப் பின்னால் ஏறும், அடி விழும் நேரத்தில் மணிக்கட்டு திரும்பும். 1982-ல் கூனியை உடைத்தது இதுதான். இரண்டாம் ரவுண்டில் கூனியை வீழ்த்திய வலது கையைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் கூனியின் கால் கனத்தது பத்து ரவுண்டு ஜாப் வாங்கிய பிறகு. பதின்மூன்றாம் ரவுண்டில் கூனியின் பயிற்சியாளர் ரிங்குக்குள்ளேயே வந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்தச் சண்டையில் உனக்குச் சாதகமான ஒரு கணக்கும் உண்டு, சொல்லிவிடுகிறேன். இடுப்புக்குக் கீழே அடித்ததற்காகக் கூனிக்கு மூன்று பாயிண்ட் வெட்டினார்கள். அது இல்லாவிட்டால், நிறுத்திய நேரத்தில் இரண்டு நடுவர்களின் கார்டில் கூனி முன்னால் இருந்திருப்பார். ஹோம்ஸ் தெளிவாக மேலே இருந்தார் என்றே எனக்குத் தெரிகிறது, ஆனால் கார்டு அப்படித்தான்.

இப்போது அதே ஜாபின் குறை. தாழ்ந்து கிளம்பிய கை தாழ்ந்தே திரும்பும். திரும்பும் அந்த நேரத்தில் இடது கன்னம் திறந்து கிடக்கும். போதாததற்கு ஹோம்ஸ் பக்கவாட்டில் நகராமல் நேராகப் பின்னால் சாய்வார். ஜாபுக்கு மேலே வளைத்து வீசும் வலது கைக்கு இதைவிட நல்ல குறி கிடையாது. 1979 செப்டம்பரில் ஏழாம் ரவுண்டில் ஏர்னி ஷேவர்ஸ் அடித்து வீழ்த்தியது அந்த வழியில். 1981-ல் ரெனால்டோ ஸ்னைப்ஸ் வீழ்த்தியதும், 1983-ல் ஒன்பதாம் ரவுண்டில் விதர்ஸ்பூன் ஆட்டிவைத்ததும் வலது கையால்தான். ஒரே ஓட்டை, ஏழு வருடமாக அடைபடவில்லை. இதை நான் பெரிய குறையாகவே எண்ணுகிறேன்.

ஆனால் விழுந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டாமா? ஷேவர்ஸ் வலது கையில் விழுந்தவர்கள் சாதாரணமாக அத்துடன் முடிந்தார்கள். ஹோம்ஸ் மல்லாந்து விழுந்து, எழுந்து, கால் நிலைக்காத முதல் நொடிகளைப் பிடித்தும் நகர்ந்தும் கடத்தி, அதே சண்டையைப் பதினொன்றாம் ரவுண்டில் முடித்தார். ஸ்னைப்ஸையும் பதினொன்றில்தான் நிறுத்தினார். உன் பட்டியலில் ஹோம்ஸுக்கு மேலே இருக்கும் மைக் டைசன் கீழே விழுந்து எழுந்து ஜெயித்த சண்டை ஒன்றுகூட இல்லை. டைசனின் வேகத்தையும் அடியையும் நான் குறைத்துப் பேசவில்லை. முதல் நான்கு ரவுண்டுக்கு மட்டும் தரவரிசை என்றால் அவரை மிக மேலே வைப்பேன்.

டைசன் 1988 ஜனவரியில் ஹோம்ஸை நான்காம் ரவுண்டில் முடித்தாரே என்பாய். ஹோம்ஸுக்கு அப்போது 38 வயது, 21 மாதம் ரிங் பக்கமே வராதவர். 75 சண்டையில் அவர் நிறுத்தப்பட்டது அந்த ஒரு முறைதான். அதை நீ டைசனுக்கு வரவு வைத்தால், 1980 அக்டோபரில் 38 வயது அலியை ஹோம்ஸ் நிறுத்தியதையும் ஹோம்ஸுக்கு வரவு வைக்க வேண்டும். நான் இரண்டையும் வைக்கவில்லை. அலியோடு நடந்ததைச் சண்டை என்று சொல்லவே மனம் வரவில்லை. பத்து ரவுண்டும் மூன்று நடுவர் கார்டிலும் ஹோம்ஸுக்கு. ஒரு காலத்தில் அலிக்கே பயிற்சிக் கூட்டாளியாக இருந்தவர், அடியைக் குறைத்துக்கொண்டு, நிறுத்துங்கள் என்பதுபோல் ரிங்குக்குள் இருந்த நடுவரைப் பார்த்துக்கொண்டே அடித்தார். அதை வெற்றிக் கணக்கில் சேர்ப்பதை அவரே விரும்பமாட்டார் என்று நினைக்கிறேன்.

முதிய வயதில் அவர் செய்த ஒன்றை மட்டும் விடமாட்டேன். 1992 பிப்ரவரியில் 42 வயதில் ரே மெர்சரை வென்றார். மெர்சர் 1988 ஒலிம்பிக் தங்கம், தோல்வியே அறியாதவர், அடித்தால் தாங்காத கை. ஹோம்ஸுக்கு ஓடக் கால் இல்லை. அதனால் தானே போய் கார்னரில் சாய்ந்துகொண்டு மெர்சரை வரவைத்தார். வந்தவுடன் ஜாப், தோளால் தடுப்பு, குறுகிய வலது. கால் போன பிறகு மூளையை வைத்துச் சண்டை போடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது அந்தப் பன்னிரண்டு ரவுண்டு. அதன் பிறகு ஹோலிஃபீல்டிடம் பன்னிரண்டு ரவுண்டு நின்று தோற்றார். 45 வயதில் ஆலிவர் மெக்காலிடமும் நூலிழையில்தான் தோற்றார்.

சரி, மூன்றாவது இடம் ஏன் இல்லை?

கிரெக் பேஜ். டபிள்யூபிசி கைகாட்டிய அடுத்த போட்டியாளர். ஹோம்ஸ் அந்தச் சண்டையை எடுக்காமல், பத்தே சண்டை போட்டிருந்த மார்விஸ் ஃபிரேசியரை எடுத்தார், பிறகு அந்தப் பட்டத்தையே விட்டு ஐபிஎஃப் பக்கம் போனார். கூட்ஸியோடு பட்டங்களை ஒன்றுசேர்க்கும் சண்டை பேசப்பட்டு நடக்காமல் போயிற்று, அதற்குப் பணம் காரணம், அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பிங்க்லன் தாமஸோடும் மோதவில்லை. இவை ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு உறுத்துவது மறுசண்டைகள். நார்ட்டன் சண்டை ஒரு ரவுண்டில் முடிவானது, மறுபடி இல்லை. விதர்ஸ்பூனுக்கு அது பதினாறாவது சண்டைதான், முடிவு பிளவுத் தீர்ப்பு (இரண்டு நடுவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம்), விதர்ஸ்பூன்தான் ஜெயித்தார் என்பவர்கள் இன்றும் உண்டு, மறுபடி இல்லை. 1985 மேயில் கார்ல் வில்லியம்ஸ் கண்ணை வீங்கவைத்துப் பதினைந்து ரவுண்டும் நெருக்கினார், மறுபடி இல்லை.

லெனாக்ஸ் லூயிஸைப் பார். மெக்காலிடமும் ஹசீம் ரஹ்மானிடமும் ஒரே வலது கையில் சாய்ந்தார். ஹோம்ஸ் எழுந்து ஜெயித்த இடத்தில் லூயிஸ் தோற்றார். ஆனால் இருவரையும் திரும்பக் கூப்பிட்டு நிறுத்தினார். ஹோலிஃபீல்டோடு சமம் என்று தீர்ப்பு வந்ததும் மறுபடி மோதி ஜெயித்தார். தோற்ற சண்டையிலும் சமமான சண்டையிலும் கேள்விக்குறி எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதனால் ஜோ லூயிஸ், அலி, லெனாக்ஸ் லூயிஸ், ஹோம்ஸ் என்பதே என் வரிசை. லெனாக்ஸோடு நேருக்கு நேர் மோதினால் ஹோம்ஸ் பாயிண்டில் ஜெயிப்பார் என்று நினைத்துக்கொண்டேதான் அவரைக் கீழே வைக்கிறேன்.

ஜார்ஜ் ஃபோர்மன் ஐந்தாவது. ஜோ ஃபிரேசியரின் உச்சம் ஹோம்ஸின் உச்சத்துக்குக் குறைந்ததல்ல, ஆனால் குறுகியது. ராக்கி மார்சியானோவின் 49–0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) என்ற எண்ணுக்கு நீ நான்காம் இடம் கொடுத்திருக்கிறாய். பட்டத்தை அவர் தக்கவைத்தது ஆறு முறை. பட்டத்தை எடுத்தது 38 வயது வால்காட்டிடம். ஹோம்ஸ் 48–0 வரை வந்து ஸ்பிங்க்ஸிடம் நின்றார். தோற்ற இரவில் மார்சியானோவை இழிவாகப் பேசினார், அது தவறு, பிறகு வருத்தமும் தெரிவித்தார். அந்தப் பேச்சுக்கு அவருடைய இடத்தையே பலர் தண்டனையாகக் குறைத்துவிட்டார்கள். நீயும் அறியாமல் அதைச் செய்திருப்பாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த முதல் ஸ்பிங்க்ஸ் சண்டையின் முடிவு என்ன தெரியுமா? இரண்டு நடுவர்களிடம் 143–142, மூன்றாமவரிடம் 145–142. நார்ட்டனிடம் பட்டம் வாங்கிக்கொடுத்த அதே எட்டு–ஏழு. அதில் ஸ்பிங்க்ஸ் ஜெயித்தார் என்பதே என் எண்ணிக்கை, ஹோம்ஸ் கையை விடாமல் காத்துக்கொண்டே இருந்தார். 1986 ஏப்ரல் மறுசண்டை வேறு கதை. அதில் ஹோம்ஸ் முதல் ரவுண்டுகளில் விரட்டி அடித்தார், கடைசிப் பகுதியிலும் ஸ்பிங்க்ஸைத் தள்ளாடவைத்தார், தீர்ப்பு பிளவாகி ஸ்பிங்க்ஸுக்குப் போனது. என் கார்டில் அது ஹோம்ஸ் சண்டை.

நீ அதை எப்படி எண்ணினாய்? முழுச் சண்டையையும் வர்ணனைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நிறுத்தி எழுது; பின்னால் போய்த் திருத்தாதே. பதினைந்து வரியையும் அப்படியே அனுப்பு. நடு ரவுண்டுகளில்தான் நாம் இருவரும் பிரிவோம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்