உதவித்தொகைக்கு யார் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களத்தில் உயிர்விட்ட படைவீரர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி உதவிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு தொகை, எங்கே விண்ணப்பிப்பது என்ற விவரமெல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அந்தத் திட்டங்களின் பெயர்களை வரிசையாகப் படித்தபோது ஒன்று உறுத்தியது. பிரதமர் கல்வி உதவித்தொகை, பாதுகாப்பு அமைச்சர் நல நிதி... உயிரைக் கொடுத்தவன் பெயர் எங்கே?

நான் வேலூர் மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போவது அப்பன் வழி மகன் வழி என்று தொடர்ந்து வருவது. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த விண்ணப்ப வேலைகள் அடிக்கடி என்னிடம் வரும். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று பலகை இருந்தாலும் பழைய ஆட்கள் வாயில் அது இன்னும் 'சோல்ஜர்ஸ் போர்டு'தான். ஒருமுறை பொறியியல் சேர்ந்த ஒரு பெண் சான்றிதழ் படிவத்தோடு வந்தாள். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் 'லேட்' என்று எழுதி, 'ஹவில்தார்' என்றும் எழுதிவிட்டாள். பெயருக்கு இடம் போதவில்லை. "இனிஷியல் மட்டும் போட்டா ஒத்துக்குவாங்களா சார்?" என்று கேட்டாள்.

அமெரிக்காவில் இதே உதவிக்கு 'ஃப்ரை உதவித்தொகை' என்று பெயர். யார் அந்த ஃப்ரை? ஜனாதிபதியும் இல்லை, ஜெனரலும் இல்லை. ஜான் டேவிட் ஃப்ரை, டெக்சாஸைச் சேர்ந்த மரைன் படை சார்ஜென்ட். ஈராக்கில் வெடிகுண்டு செயலிழக்கச் செய்யும் வேலை. ஊர் திரும்ப ஒரு வாரம்தான் பாக்கி. கையில் அடிபட்டிருந்தும் இன்னும் சில மணி நேரம் செய்கிறேன் என்று தானாக நின்றார். 2006 மார்ச் 8 அன்று குண்டு வெடித்து இறந்துபோனார். மூன்று சின்னப் பிள்ளைகள். 2001 செப்டம்பர் 10-க்குப் பிறகு பணியில் உயிரிழந்த வீரர்களின் பிள்ளைகளுக்கு 36 மாதக் கல்லூரிச் செலவைத் தரும் திட்டத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 2014-இல் துணைவியர், துணைவர்களையும் அதில் சேர்த்தார்கள். அமெரிக்கா நடத்திய போர்களைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு, அது இப்போது வேண்டாம். எடுத்துக்கொள்ளத் தக்கது அந்தப் பெயர் வைத்த முறை.

பெயர் வைத்தால் ஃபீஸ் கட்ட முடியுமா என்று கேட்பார்கள். சரி, பணக் கணக்கையே பார்ப்போம். வங்கதேசப் போரில் டாக்காவில் சரணாகதி நடந்தது 1971 டிசம்பர் 16. இரண்டே நாளில், டிசம்பர் 18 அன்று, வீழ்ந்த வீரர்களின் பிள்ளைகளுக்கு முழுக் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று மக்களவையில் அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் கோப்பில் அதற்கு வைத்த பெயர் 'கல்விச் சலுகை'. 2017-இல், ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி, கட்டணமும் விடுதிச் செலவும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். கடற்படைத் தளபதியே பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2018 மார்ச்சில்தான் வரம்பை நீக்கினார்கள். அதே 1971 போரில் கங்காசாகரில் விழுந்த லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்காவின் பெயரை முதல் நாளிலேயே அந்தத் திட்டத்துக்கு வைத்திருந்தால்? 'எக்கா உதவித்தொகையைக் குறைத்தோம்' என்று ஆணை போட எந்த அதிகாரிக்கும் கொஞ்சம் கை நடுங்கியிருக்கும். சலுகை என்றால் குறைப்பது சுலபம்.

பெயருக்கு இருக்கும் பலம் நமக்குத் தெரியாததல்ல. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் யார் என்று அறியாத கிராமத்துத் தாய்மார்கள்கூடத் திருமண உதவிக்கு மனு எழுதும்போது அந்தப் பெயரை உச்சரித்தார்கள். இன்று புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் மாணவிகள் வரை அந்தப் பெயர் வந்திருக்கிறது. அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயரை 2023-இல் சூட்டினார்கள். தீவுக்கு முடிந்தது, உதவித்தொகைக்கு முடியாதா?

யாரை விடுத்து யாரை வைப்பது என்பது நியாயமான கேள்விதான். ஒருவர் பெயர் வேண்டாம். பிரதமர் உதவித்தொகை வருடத்துக்கு 5,500 பேருக்குப் போகிறது. மாணவிகளுக்கு மாதம் 3,000, மாணவர்களுக்கு 2,500. உயிரோடு ஊர் திரும்பியவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒவ்வொரு அனுமதிக் கடிதத்திலும் அந்தந்த மாவட்டத்திலிருந்து போய்த் திரும்பாத ஒருவரின் பெயரும் ஊரும் ஒரு வரியில் இருக்கட்டும். திருச்சி மாணவனுக்குக் கார்கிலில் விழுந்த மேஜர் சரவணன், ராமநாதபுரத்து மாணவிக்குக் கல்வானில் விழுந்த ஹவில்தார் பழனி. கூடுதல் செலவு எதுவும் கிடையாது. பட்டியல் அரசிடமே இருக்கிறது.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. அந்தப் பதினான்கு பேரின் வீடு எந்தத் தெரு, பேரப்பிள்ளைகள் யார் என்று ஒரு காலத்தில் மாணவர்களை விட்டு விசாரிக்கச் சொன்னேன். ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்லில் எண்ணிக்கை மட்டும்தானே இருக்கிறது.

டிசம்பர் 7 கொடிநாளுக்கு ஆட்சியர்கள் உண்டியல் திறக்கும்போது, அனுமதிக் கடிதத்தில் வீரர் பெயர் தாங்கும் அந்த ஒரு வரியையும் அறிவிக்கச் சொல்லித் தங்கள் இதழ் எழுத வேண்டும். அந்தப் பெண்ணின் படிவத்தில் கடைசியில் 'ஹவில்தார்' என்பதை அடித்துவிட்டு, அப்பா பெயரை முழுசாக எழுதவைத்தேன். அலுவலகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு படிவம் வாங்கி, இந்த முறை எழுத்தைச் சின்னதாக்கி எழுதினோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
வேலூர் மாவட்டம்