வாசகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கையின் நகல் தபாலில் போகும். அந்தத் தபால் செலவும் மன்றக் கணக்கில்தான்.

பொங்கல் கூட்டம் நடந்தது. சிறுவர் கட்டுரைப் போட்டி நடந்தது. அலமாரிக்குக் கரையான் மருந்து அடிக்கப்பட்டது. ஏப்ரல் 23 அன்று உலகப் புத்தக நாள் கொண்டாடப்பட்டது.

ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1616இல் அடக்கம் செய்யப்பட்ட நாள் அது. அன்றுதான் அவருடைய ‘டான் குயிக்ஸாட்’ நாவலின் ஞாயிறு வாசிப்பைத் தொடங்கினோம். செயலாளர் தன் சொந்த ஆசைக்கு மன்றத்தை இழுக்கிறார் என்று சிலர் பேசிக்கொண்டதாகக் காதில் விழுந்தது. பேசியவர்கள் எத்தனை ஞாயிறு வந்தார்கள் என்பதை வருகைப் பதிவேடு சொல்லும். நாவலின் இரண்டு பாகங்களும் சேர்ந்து 126 அத்தியாயங்கள். வீரக் கதைகளைப் படித்துப் புத்தி பேதலித்த நாயகன் டான் குயிக்ஸாட், அரக்கர்கள் என்று நினைத்துக் காற்றாலைகளோடு சண்டை போடுவது முதல் பாகத்தின் 8ஆம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. அன்று நாற்காலி பற்றவில்லை. அடுத்த வாரம் நாற்காலிகள்தான் இருந்தன.

இருந்து கேட்டவர்களுக்கு இரண்டாம் பாகம் கிடைத்தது. 1615இல் வந்த அந்தப் பாகத்தில்தான் டான் குயிக்ஸாட்டின் வேலைக்காரன் சான்ச்சோ, பராட்டாரியா என்ற தீவுக்குக் கவர்னராகிறான். பிரபு ஒருவர் வேடிக்கைக்காகக் கொடுத்த பதவி. எழுதப் படிக்கத் தெரியாதவன், வாயைத் திறந்தால் பழமொழி. ஒரு புத்தகத்தில் இருப்பதைவிட அதிகமான பழமொழிகள் தன்னிடம் இருப்பதாகவும், வெளியே வர அவை ஒன்றோடொன்று சண்டை போடுவதாகவும் அவனே சொல்கிறான். எஜமானர் திட்டுகிறார். ஆனால் அவன் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்ததும் ஊரே வாயடைத்துப் போகிறது.

அதில் ஒரு வழக்கை இந்தச் சபையில் சொல்லியே ஆக வேண்டும். கிழவர் ஒருவர் இன்னொருவருக்குப் பத்துப் பொற்காசு கடன் கொடுத்திருக்கிறார். வாங்கியவரோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்று சாதிக்கிறார். சத்தியம் செய்யச் சொன்னதும், கையிலிருந்த கைத்தடியைக் ‘கொஞ்சம் பிடியுங்கள்’ என்று கடன் கொடுத்தவரிடமே நீட்டிவிட்டு, ‘பணத்தை இவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்’ என்று சத்தியம் செய்கிறார். பிறகு தடியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். சான்ச்சோ சற்று யோசித்து ஆளைத் திரும்பக் கூப்பிடுகிறான். தடியை உடைத்துப் பார்த்தால் பத்துக் காசும் உள்ளே! இதைப் படித்த அன்று சிரிக்காமல் இருந்தவர் பொருளாளர் மட்டுமே. சந்தா கட்டிவிட்டதாகச் சொல்லும் சிலரிடம் ரசீது இல்லை, நம் அடிக்கட்டையிலும் இல்லை. மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை.

வசூலுக்குப் போகிறவனின் பாடு செர்வாண்டிஸுக்குத் தெரியும். கடற்படைக்குக் கோதுமையும் எண்ணெயும் திரட்டப் போய், தேவாலயத்துக் கோதுமையில் கைவைத்ததற்காக மதவிலக்கம் செய்யப்பட்டார். 1594இல் கிரனடா பகுதியில் வரிப் பாக்கி வசூலித்தார். பணத்தைப் போட்டுவைத்த வட்டிக்கடைக்காரர் திவாலாகிவிட, கணக்கு நேராகாமல் 1597இல் செவில் நகரச் சிறைக்குப் போனார். அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒரு வேலை கேட்டு 1590இல் மனுப் போட்டபோது, இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளும் என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். இத்தனை பட்டும் அவர் எழுத்தில் கசப்பைவிடச் சிரிப்பே அதிகம். எனக்கு அந்தப் பக்குவம் இன்னும் வரவில்லை.

வரவு செலவு: வரவுக்குள் செலவை அடக்க முயன்றோம், பெரும்பாலும் அடங்கியது. அடங்காததைச் செயற்குழுவினர் தற்காலிகமாக ஏற்றுள்ளனர். தேநீர்ச் செலவு பற்றிய கேள்விக்குப் பொருளாளர் பதில் தருவார். தீவுக்குக் காசில்லாமல் வந்தேன், காசில்லாமலே போகிறேன் என்று சொல்லித்தான் சான்ச்சோ பதவியை விட்டான். கழுதைக்குக் கொஞ்சம் பார்லி, தனக்குப் பாதிப் பாலாடைக்கட்டி, பாதி ரொட்டி, அவ்வளவுதான் கேட்டான்.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒலிபெருக்கி தந்த அன்பருக்கும், பொறுமையாக இருந்த தலைவருக்கும் நன்றி.

பராட்டாரியா தீவை விட்டு அவன் கிளம்பும் இடத்தில் வாசிப்பு நிற்கிறது. இன்னும் 21 அத்தியாயங்கள். பார்சிலோனாக் கடற்கரையில் டான் குயிக்ஸாட் தோற்பதும், வீடு திரும்பிப் புத்தி தெளிந்து கண்மூடுவதும் பாக்கி. அடுத்த ஆண்டு இப்பொறுப்புக்கு வேறு யாரேனும் முன்வந்தால் சாவியை இன்றே தந்துவிடுவேன். வராவிட்டால் வாசிப்பு நானிருக்கும்வரை தொடரும், மின்கட்டணம் கட்ட முடிந்தால். ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது. பொருளாளர் கூட்டம் முடிந்தும் அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பார். சில்லறை கொண்டு வந்திருக்கிறார்.